முதுகுப்பையோடு கொங்கு நாட்டைத் தாண்ட: கோவை பஸ்களும் பஸ் ஸ்டாண்டுகளும் எப்படி?

மாதக்கணக்கில் பை சுமந்து சுற்றுகிறவர்களுக்கு ஒரே ஊரில் தங்கும் நாட்கள் சிரமமில்லை. ஒரு வட்டாரத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறும் நாள்தான் பாடாய்ப் படுத்தும். அறையைக் காலி செய்தாக வேண்டும், மொத்த மூட்டையும் தோளில் ஏறும், குளிரும் மொழியும் சாப்பாடும் ஒரே பகலில் மாறும். அப்படி மாறுவதற்குத் தமிழ்நாட்டில் வாகான ஊர் கோயமுத்தூர். வடக்கே நீலகிரி, மேற்கே பாலக்காட்டுக் கணவாய், தெற்கே ஆனைமலை, வடகிழக்கே சத்தி என்கிற சத்தியமங்கலம் காட்டைத் தாண்டினால் மைசூர் பீடபூமி. எந்தப் பக்கம் கிளம்பினாலும் காலையில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் வேறொரு நாட்டில் இறங்கிவிடலாம்.

இங்கே பார்க்கப்போவது அந்த ஊரின் பஸ் சேவையை, அதுவும் 50, 60 லிட்டர் பையோடு ஏறுகிறவரின் கண்ணால். வண்டிகளுக்குக் குறை சொல்ல அதிகமில்லை. அடிக்கடி வரும், விலை குறைவு, முன்பதிவு தேவையில்லை. 2018-ல் நிர்ணயித்தபடி சாதா புறநகர் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா, 100 கி.மீ. போனாலும் 60 ரூபாயை ஒட்டித்தான் வரும். மலைப்பாதைக்கும் சுங்கச்சாவடிக்கும் கொஞ்சம் கூடும். சிக்கல் எல்லாம் பஸ் ஸ்டாண்டுகளில் இருக்கிறது. அவை ஊருக்குள் திசைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. தப்பான ஸ்டாண்டில் இறங்கினால் ஒரு மணி நேரம் போச்சு. மலையேறும் நாளில் அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை அதிகம்.

காந்திபுரத்தில் மட்டுமே டவுன் பஸ் ஸ்டாண்டு, மத்திய பஸ் ஸ்டாண்டு, விரைவுப் பேருந்துகளுக்கான திருவள்ளுவர் ஸ்டாண்டு, சத்தி ரோட்டில் ஆம்னி ஸ்டாண்டு என்று நான்கு உண்டு. எல்லாம் நடக்கிற தூரம்தான். திருப்பூர், ஈரோடு, சேலம், கோபி, சத்தி, மைசூர் போகிறவர்களுக்கு மத்திய ஸ்டாண்டு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போகிறவர்கள் சாய்பாபா காலனியில் உள்ள மேட்டுப்பாளையம் ரோடு ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, பாலக்காடு என்றால் உக்கடம். கரூர், திருச்சி, மதுரைக்குச் சிங்காநல்லூர். இதில் வெளியூர்க்காரர்கள் அடிக்கடி ஏமாறுவது பழனியையும் மதுரையையும் வைத்துத்தான். இரண்டும் தெற்குத்தானே என்று ஒரே ஸ்டாண்டில் தேடுவார்கள். பழனி வண்டி பொள்ளாச்சி, உடுமலை வழி போவதால் உக்கடத்தில் நிற்கும். மதுரை வண்டி பல்லடம், தாராபுரம் வழி என்பதால் சிங்காநல்லூர். போகிற ஊரைவிடப் போகிற ரோட்டைக் கேட்டால் ஸ்டாண்டு தானாகத் தெரிந்துவிடும்.

அதனால் கோவையில் அறை எடுக்கும்போதே அடுத்து எந்தப் பக்கம் போகிறோம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. முடிவாகவில்லை என்றால் காந்திபுரமே சரி. எந்த ஸ்டாண்டுக்கும் அங்கிருந்து டவுன் பஸ் கிடைக்கும், சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. ஆனால் காலை எட்டரையிலிருந்து பத்து வரை பெரிய பையோடு டவுன் பஸ்ஸில் ஏறுவது ஆகாத காரியம். பள்ளி, கல்லூரி, மில் கூட்டம் படியிலேயே நிற்கும். ஏழு மணிக்குள் ஸ்டாண்டு மாறிவிடுங்கள், இல்லையென்றால் ஆட்டோ பிடியுங்கள்.

பகலில் பையை எங்காவது போட்டுவிட்டு ஊர் சுற்றி, மாலையில் கிளம்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ரயில் நிலையத்தின் கிளோக் ரூம் ஒரு வழி. கையில் ரயில் டிக்கெட் இருக்க வேண்டும், பை பூட்டியிருக்க வேண்டும். இங்கேதான் முதுகுப்பைக்காரர்கள் மாட்டுவார்கள். மேலே கயிறு இழுத்துச் சுருக்கும் பையில் பூட்டுப் போட இடமே இருக்காது, பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். ஜிப் வைத்த பெரிய துணிப்பை ஒன்றை வாங்கி, முதுகுப்பையை முழுதாக அதற்குள் இறக்கி, இரண்டு ஜிப் வளையத்தையும் சேர்த்துச் சின்னப் பூட்டுப் போட்டால் பிரச்சனை தீர்ந்தது. அதே உறை பஸ் டிக்கியின் அழுக்கிலிருந்தும் பையைக் காப்பாற்றும்.

பஸ்ஸுக்குள் பையை எங்கே வைப்பது என்பதில்தான் பாதிப் பயணம் இருக்கிறது. தலைக்கு மேலுள்ள ரேக்கில் 40 லிட்டர் பை படுக்கைவாக்கில் போகும். 60 லிட்டர் போகாது; பாதி வெளியே தொங்கி முதல் வளைவிலேயே யார் தலையிலாவது விழும். பெரிய பைக்கு ஏற்ற இடம் டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடியை ஒட்டிய தரை. ஏறும்போதே, “அண்ணா, பையை முன்னாடி வெச்சுக்கட்டுங்களா?” என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள். கேட்காமல் வைத்தால் கியர் போடும் கைக்கு இடிக்கிறது என்று அடுத்த நிறுத்தத்தில் எடுக்கச் சொல்வார்கள். அந்த மூடி நன்றாகச் சூடேறும். பவர் பேங்க், மருந்து, சோப்பு, மிட்டாய் இருக்கும் பக்கம் மூடியைத் தொடாமல் திருப்பி வையுங்கள். பின்பக்க டிக்கியில் பெரும்பாலும் ஸ்டெப்னி டயர் கிடக்கும். கிரீஸும் மழைத் தண்ணீரும் சேர்ந்த இடம் அது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள். இடுப்புப் பட்டையையும் தொங்கும் வார்களையும் முதலிலேயே உள்ளே மடித்துக் கட்டிவிடுங்கள். படிக்கட்டுக் கம்பியில் வார் மாட்டி, பின்னால் ஏறுகிற பத்துப் பேரையும் நிறுத்திவைப்பது இங்கே அடிக்கடி பார்க்கிற காட்சி.

பை ஒரு இருக்கையைப் பிடித்தால் லக்கேஜ் டிக்கெட் கேட்பார்கள். நியாயமான தொகைதான், வாங்கிவிடுங்கள். சண்டை போட்டு மிச்சம் பிடிப்பதைவிட, அந்த டிக்கெட்டுக்குப் பிறகு பைக்குக் கிடைக்கும் மரியாதை பெரிது.

தனியார் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, சத்தி ரோடுகளில் இவை நிறைய ஓடும். பாட்டு சத்தமாக இருக்கும், வேகம் அதிகம், நேரம் தவறாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டாண்டில் நிற்க சில நிமிடம்தான் ஒதுக்கியிருக்கும். அது முடிந்ததும் அடுத்த வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். அதனால் பையை முதுகில் மாட்டியபடி ஏறாதீர்கள். கழற்றிக் கையில் பிடித்து, முதலில் பையை ஏற்றிவிட்டுப் பிறகு நீங்கள் ஏறுங்கள். சமவெளியில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குத் தனியார் வண்டி நல்ல தேர்வு. மலைக்கு அரசு வண்டிதான். அந்தந்த மலைப்பாதையிலேயே வருஷக்கணக்காக ஓட்டிய டிரைவர்களின் கை வேறு.

இனி திசைவாரியாக. ஊட்டிப் பக்கம்தான் அதிகம் பேர் போவது. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் 35 கி.மீ.; அங்கிருந்து குன்னூர் வழி ஒரு ரோடு, கோத்தகிரி வழி இன்னொன்று. நேரடி ஊட்டி வண்டியில் இடம் இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். மேட்டுப்பாளையம் வரை ஏதாவது ஒரு வண்டியிலோ பாசஞ்சர் ரயிலிலோ போய் அங்கே மாறிக்கொள்ளுங்கள். ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் நடக்கிற தூரம்தான். கோடைச் சீசனில் ஏறுவதற்கு ஒரு ரோடு, இறங்குவதற்கு ஒரு ரோடு என்று ஒருவழியாக்குவதும் உண்டு. கோத்தகிரியில் இறங்க வேண்டியவர்கள் வண்டி எந்த வழி என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் நடப்பில் உள்ள இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி சொந்த வண்டி, வாடகை வண்டிகளுக்குத்தான். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு பஸ் தரும் பெரிய நிம்மதி இது. ஆனால் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு நீலகிரி மாவட்டத்துக்குள் போகாதீர்கள். தடை உண்டு, வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். எவர்சில்வர் பாட்டில் ஒன்று போதும்.

மலை ரயிலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கி.மீ., காலை 7.10-க்குக் கிளம்பி நண்பகலை ஒட்டித்தான் சேரும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் இருக்கும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும். 12 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம் அது. 2005-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாகச் சேர்த்த பாதை, வாழ்நாளில் ஒருமுறை போக வேண்டியதுதான். ஆனால் மூட்டை முடிச்சோடு இடம் மாறுவதற்கு அது வண்டியல்ல. பெட்டிகள் சின்னவை, எதிரெதிர் இருக்கையில் முழங்காலோடு முழங்கால் இடிக்கும், 60 லிட்டர் பையை வைத்தால் காலை வைக்க இடமிருக்காது. போதாததற்கு, ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரிந்து, பாறை உருண்டு நாள்கணக்கில் ரத்தாகும். வெகு நாள் முன்பே பதிவு செய்துவிட்டு அதை நம்பி மற்ற ஊர்களைக் கோர்க்காதீர்கள். பெரிய பையை ஊட்டி அறையில் போட்டுவிட்டு, சின்னப் பையோடு ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே மட்டும் போய்வருவது நல்ல ஏற்பாடு. நீராவியும் பல்சட்டமும் வேண்டும் என்றால் மட்டும் முழுப் பாதை.

உடுப்பு விஷயம். கோவை 411 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். குன்னூர் தாண்டியதும் ஜன்னல் வழியே காற்று மாறுவது தெரியும். ஸ்வெட்டர் பையின் அடியில் இருந்தால் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு நடுவில் மொத்தத்தையும் கொட்டிக் கிளற வேண்டிவரும். மலையேறும் நாளில் அது மேலே வர வேண்டும். கையில் குளிர் உடுப்பே இல்லை என்றால் ஊட்டியில் வாங்காமல் திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய பனியனும் ஸ்வெட் ஷர்ட்டும் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான். துண்டு வேண்டுமென்றால் ஈரோட்டுத் துண்டு. மெல்லியது, ஒரு ராத்திரியில் காயும், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். விலை கூடிய மைக்ரோஃபைபர் துண்டைவிட இதுவே மேல்.

மைசூருக்குப் போக இரண்டு வழி. ஊட்டியில் தங்கப்போவதில்லை என்றால் சத்தி வழிதான் சரி. ஊட்டியில் இருக்கிறவர்கள் கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர் வழி போகலாம். பந்திப்பூர் காட்டு ரோடு இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு. சத்தி வழி என்றால் பண்ணாரி கோயிலுக்கு அடுத்து திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறியதும் ஆசனூர், அப்புறம் கர்நாடக எல்லை, சாம்ராஜ்நகர். இந்த வழியில் என்னதான் தவறும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலாவது, போர்டு. காந்திபுரத்தில் “சத்தி” என்று கூவுகிற வண்டிகளில் பெரும்பகுதி சத்தியோடு நின்றுவிடும். ஏறும் முன், “ஏனுங்ணா, வண்டி திம்பம் ஏறுமுங்களா?” என்று கேளுங்கள். இரண்டாவது, லாரி. பாரம் ஏற்றிய பெரிய லாரி வளைவில் ஒரே திருப்பில் திரும்ப முடியாமல் நின்றாலோ, அச்சு முறிந்தாலோ மேலும் கீழும் வண்டிகள் கோர்த்துக்கொள்ளும். ஒரு மணி நேரமும் ஆகலாம், நாலு மணி நேரமும் ஆகலாம். நடுவில் கடை கிடையாது, இறங்கி நடக்கவும் கூடாது. இது புலிகள் காப்பகம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு வேளைக்கு உண்டான சாப்பாடு கையில் இருக்கட்டும். மூன்றாவது, யானை. ஆசனூர் அருகே காரப்பள்ளத்தில் கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் ரோட்டோரம் நிற்பது வழக்கம். டிரைவர் விளக்கை அணைத்து நிறுத்தினால் நீங்களும் ஃபோனை உள்ளே வையுங்கள். ஃபிளாஷ் அடித்துப் படம் பிடிக்கவே கூடாது. நான்காவது, நேரம். 2022 பிப்ரவரி முதல் இந்த மலைப்பாதையில் இரவுக் கட்டுப்பாடு உண்டு. காலையில் கிளம்புகிறவர்களுக்கு இது எதுவும் உறைக்காது. பங்குனியில் பண்ணாரி கோயிலின் குண்டம் (தீமிதி) திருவிழா நேரத்தில் மட்டும் சத்தி வண்டிகள் நிரம்பி வழியும், அந்த வாரம் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

மலைப்பாதைக்கு இருக்கை தேர்வதில் ஒரு கணக்கு. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் வளைவில் அதிகம் வீசும். கடைசி வரிசையில் பை வைக்க இடம் தாராளமாக இருக்கும். வாந்தியும் அங்கேதான் தாராளம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், இரண்டாம் மூன்றாம் வரிசை நல்லது. மாத்திரை போடுகிறவர்கள் வண்டி ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், வளைவு தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. பேக்கரியில் எண்ணெய் பஃப்ஸும் டீயும் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும்.

மேற்கிலும் தெற்கிலுமாகக் கேரளத்துக்குப் போக மூன்று வாசல். பாலக்காடு வழி சுலபம், சுமார் 50 கி.மீ., மலையே ஏறாமல் கணவாய் வழியே போய்விடலாம். ரயிலில் போனால் பாலக்காடு ஜங்ஷன் ஒலவக்கோட்டில் இருக்கிறது, ஊருக்குள் போக இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். ஊர் நடுவில் இறங்கவேண்டும் என்றால் பஸ். இரண்டாவது, பொள்ளாச்சி, ஆழியாறு, 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை. அங்கிருந்து மளுக்கப்பாறை வழி சாலக்குடி. மளுக்கப்பாறையில் வண்டி மாற வேண்டிவரும், சாலக்குடிக்குக் கேரள அரசு பஸ் உண்டு. ஒரே நாளில் கோவையிலிருந்து சாலக்குடி என்று திட்டமிடாதீர்கள், வால்பாறையில் ஒரு ராத்திரி தங்குங்கள். ஆனியிலிருந்து ஆவணி வரை அங்கே பெய்யும் மழை சாதாரணமானதல்ல. பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை வாங்கும் இடங்களில் ஒன்று. வெளியே மாட்டும் மழை உறையை மட்டும் நம்பினால் முதுகுப்பக்கம் நனைந்துவிடும். துணிமணியை உள்ளே தனியாக ஒரு தார்பாலின் பையில் போட்டுவையுங்கள். தார்பாலின் கடையில் அளவு சொன்னால் தைத்துத் தருவார்கள்.

மூன்றாவது வாசல்தான் நமக்கு மிகவும் பிடித்தது. உடுமலையிலிருந்து ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னார், மறையூர் வழி மூணாறு. சின்னார் மழைமறைவுப் பகுதி. முள்மரமும் கள்ளியுமாகக் காய்ந்து கிடக்கும். மறையூரில் சந்தனக்காடும் கரும்பும். இன்னும் ஏறினால் தேயிலையும் மஞ்சும். 90 கி.மீ.க்குள் மூன்று நிலம் மாறுவதை ஜன்னலோரம் உட்கார்ந்தே பார்க்கலாம். வண்டிகள் குறைவு. அதனால் முந்தின நாள் ராத்திரியே உடுமலை வந்து தங்கி, ஸ்டாண்டில் நேரம் கேட்டுவைத்துக்கொண்டு காலை வண்டியைப் பிடிப்பதுதான் முறை. கோவையிலிருந்து காலையில் கிளம்பிப் பிடிக்கலாம் என்று போனால் பல நாள் கை நழுவும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனி ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம், அப்போது உடுமலை வரவே நேரம் கூடும். இந்தப் பக்கம் இன்னொரு விநோதமும் உண்டு. பரம்பிக்குளம் கேரளத்து நிலம், ஆனால் ரோட்டு வழி போக பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள் வந்துதான் போக வேண்டும்.

கிழக்கே ஈரோடு, சேலம் பக்கம் சொல்ல அதிகமில்லை. அந்தப் பக்கம் ரயில்தான் வசதி. பையைக் காலடியில் வைத்து நிம்மதியாக உட்காரலாம். முன்பதிவில்லா டிக்கெட்டை மொபைலில் எடுப்பதாக இருந்தால் நிலையத்துக்கு வெளியே நின்றே எடுத்துவிடுங்கள், உள்ளே போன பிறகு எடுக்க விடாது. கேரளத்திலிருந்து வரும் சில நீண்டதூர ரயில்கள் கோவை ஜங்ஷனுக்குள் வராமல் போத்தனூர், இருகூர் வழியே போய்விடும். டிக்கெட்டில் போத்தனூர் என்று இருந்தால் ஜங்ஷனில் நிற்காதீர்கள்.

காசு விஷயத்தில், பஸ்ஸில் யுபிஐ வாங்கினாலும் மலையில் சிக்னல் போனால் எந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்தும் இருபதுமாக ஒரு இருநூறு ரூபாய் சட்டைப்பையில் இருக்கட்டும். டிக்கெட் எடுக்கும்போதே இறங்கும் இடத்தைச் சொல்லி, “வந்ததும் சொல்லுங்ணா” என்று வைத்துவிட்டால் கண்டக்டர் மறக்காமல் சொல்வார். கொங்குப் பக்கத்து வண்டிகளில் நாம் முழு மனதோடு மெச்சுவது இதைத்தான்.

மாலை ஐந்து மணிக்குமேல் சத்தியில் வந்து இறங்கினால், மேலே ஏற வண்டி நின்றாலும் ஏறாதீர்கள். சாம்ராஜ்நகர் போய்ச் சேரும்போது ராத்திரி ஆகிவிடும், அந்த நேரத்தில் பையோடு அறை தேட வேண்டிவரும். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய லாட்ஜில் ஒரு அறை எடுத்து, காலை முதல் மைசூர் வண்டி எப்போது என்று கேட்டுவைத்துக்கொண்டு, பாட்டிலில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் படுங்கள்.